எண்ணெ போடல

புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடையைத் தாண்டி வரும்போதும் பின்னால் மைக்கில் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அடுத்த பேருந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நடந்தே அரசூர் கூட்டு ரோட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பிவிட்டேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரும்பு. வெயில் ஏறிவிட்டது. பந்தியில் எனக்கும் இலை போட்டிருந்தார்கள். உட்காரப் பிடிக்கவில்லை.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கழுத்தில் சால்வையோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த கலர் பாட்டிலைத் திறக்காமல் கையில் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகவும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஒரு வேலையில் எட்டு மாதம் இருந்தால் அதிகம். பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சோப்புத்தண்ணீரில் கை புண்ணாகி, அவர்கள் போகச் சொன்னதும் விழுப்புரம் வந்தேன். ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் பெட்டி தூக்க ஆள் கேட்டார்கள். அந்த வண்டிக்கு அவர் கன்மேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்த லைசென்சில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிரைவர் செல்வத்துக்கு அவர் ‘மிலிட்டிரி’. எனக்கு ‘அண்ணே’.

உயரமான ஆள். சட்டையைத் தேய்க்காமல் போட்டதில்லை. ஆனால் சட்டைப் பையின் அடியில் எப்போதும் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய், மூக்கு நீண்ட சின்ன பிளாஸ்டிக் குப்பியில், அந்தப் பையில்தான் இருக்கும். வலது கையில் இரண்டு விரல்களின் நுனியில் உணர்ச்சி கிடையாது. மலையில் இருந்தபோது பனியில் செத்துப்போனவை. கொதிக்கும் டீ கிளாஸை அந்த விரல்களால் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குடிப்பார். பார்க்கிற நமக்குத்தான் சுடும்.

காலையில் வண்டி கிளம்புமுன் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவார். அது அவர் வேலை. ஆனால் அதோடு நிற்க மாட்டார். வண்டிக் கதவின் கீல், பெட்டியின் பூட்டு, என் சைக்கிள் செயின், ஆபீஸ் கேட்டு, ஏடிஎம் அறையின் ஷட்டர் என்று வழியில் எது கிரீச்சிட்டாலும் குப்பி வெளியே வந்துவிடும். திருவாமாத்தூர்க் கோயிலில் ஒருநாள் சாமி கும்பிட நின்ற இடத்தில் பக்கத்துக் கம்பிக் கதவுக்கு இரண்டு சொட்டு விட்டார். திண்டிவனத்தில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் மின்விசிறி சத்தம் போட்டது. ஸ்டூல் மேல் ஏறி எண்ணெய் போட்டுவிட்டார். சுற்றியதும் சொட்டுச் சொட்டாக வடைத் தட்டில் விழுந்தது.

“இன்னா சார், வடைக்கும் சர்வீஸா?” என்றார் கடைக்காரர்.

“காத்தாடி சத்தம் நின்னுச்சா இல்லியா?”

“நின்னுச்சு. யாவாரமும் நின்னுச்சு.”

அந்தத் தட்டு வடை முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். நாங்கள் மூன்று நாள் தின்றோம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தப் பொருள் கெட்டாலும் பொருள் மேல் குற்றம் சொல்ல விடமாட்டார். பேனா எழுதவில்லை என்றால் மூடியைத் திறந்து வைத்தது யார் என்று கேட்பார். செருப்பு அறுந்தால் அறுந்துவரும்போதே ஏன் பார்க்கவில்லை என்பார். செல்வத்துக்கு இது பெரிய பேஜாரு.

“நாளைக்கி பிரேக் புடிக்காம லாரியில போயி குத்துனாகூட செல்வம் மேலதான் தப்புன்னு எழுதிக் குடுப்பாரு இந்த ஆளு.”

“காலைல பிரேக் பாத்தியா?”

“பாக்கல.”

“அப்ப?”

செல்வம் கியர் மாற்றுவார்.

ராணுவத்தில் பழைய ரைபிள்களை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது செல்வத்துக்கு நல்ல வாய்ப்பு. வண்டியை மயிலம் பக்கம் ஓரம் கட்டிவிட்டு செல்போனிலிருந்து படித்துக் காட்டினார். குளிரில் நின்றுபோகிறதாம், குண்டு அடைக்கும் மேகசின் உடைகிறதாம், காலத்துக்கு ஏற்றதாக இல்லையாம்.

“மிலிட்டிரி, இத்த வச்சிக்கினா இத்தினி நாளு சண்ட போட்டீங்க?”

“இத்த வச்சிக்கினுதான்.”

“இதுல போட்டதெல்லாம் நெசமா? ஒடையுமா?”

“ஒடையும். பிளாஸ்டிக் மேகசின். உள்ள எத்தினி குண்டு இருக்குன்னு வெளியிலேர்ந்தே தெரியும், அது நல்லதுதான். ஆனா அந்தக் குளிர்ல பாறையில பட்டா வெடிப்பு வுடும். விடாம சுட்டா எண்ணெ கண்ணுல தெறிக்கும். சூடாயிட்டா கை வைக்க முடியாது.”

“அப்ப மாத்தணுமா வேணாமா?”

“மாத்தட்டும். பசங்களுக்கு நல்லதா குடுக்கட்டும்.”

“அப்ப ரைபிள் மேலதான தப்பு?”

அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ரைபிளுக்கு வாய் இல்ல, செல்வம். அது மேல எத்த வேணா போட்டுடலாம்” என்றார்.

அதற்குப் பத்து நாள் கழித்து எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. திண்டிவனத்தில் பெட்டியை இறக்கும்போது வண்டியின் பின்கதவு பாதியில் சிக்கி நின்றது. நான் இழுத்தேன். அது திடீரென்று விட்டு என் கட்டைவிரலை நசுக்கிவிட்டது. நகம் போய்விட்டது. செல்வம் கதவை எட்டி உதைத்து, இந்தச் சனியனை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும் என்றார்.

“கதவு மேல ஒண்ணும் இல்ல. நேத்து எண்ணெ போடல” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் என்னைக் குற்றம் சொல்கிறார். பெட்டி தூக்குகிறவனா எண்ணெய் போடுவான்? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் மதியம் சாப்பிடவில்லை என்று செல்வம்தான் சொன்னார். மூன்றாம் நாள் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்பா, மூஞ்சத் தூக்கிக்கினே இருக்க?”

“நான் எண்ணெ போடலன்னு சொன்னீங்களே.”

“நான் போடலன்னுதான்பா சொன்னேன். அந்தக் கதவுக்குத் தெனம் நான்தான போடறேன்? அதுக்கு மொத நாளு மறந்துட்டேன். என்னத்தான் சொன்னேன்.”

பள்ளிக்கூடத்தில் எழுவாய் என்று ஏதோ நடத்தினார்கள். அன்றைக்கு நான் போகவில்லை போலிருக்கிறது. ஆனால் கோபம் போய்விட்டது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி விழுப்புரம் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்கள். ராணுவத்தில் இவரோடு ஒரே பிரிவில் இருந்து மலையில் செத்துப்போனவரின் மனைவி. வருடா வருடம் அவர் திதிக்கு இவர் அரிசி மூட்டையோடு போவார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அம்மா கையில் செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டு ஒன்று இருந்தது. அதே ரைபிள் செய்தி.

“அண்ணே, இதப் படிச்சீங்களா? எம்பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. துப்பாக்கிதான் சரியில்லியாம். கெவர்மெண்டே சொல்லிட்டாங்க.”

“படிச்சேன்மா.”

“அப்ப அவுரு மேல தப்பு இல்ல இல்ல?”

அந்த அம்மாவே தொடர்ந்து பேசினார்கள். ஊரில் நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். அதற்குச் செத்துப்போனவர் பேர் வைக்கலாம் என்று ஊராட்சித் தலைவர் சொன்னாராம். நாலு பேர் கூடாது என்கிறார்களாம். துப்பாக்கிக்கு எண்ணெய் போடத் தெரியாமல் செத்தவன் பேரையா ஊர் வாசலில் எழுதுவது என்று.

“உங்களுக்குத் தெரியாததா அண்ணே? எங்க வூட்டுக்கே எண்ணெ போடாதவன் வூடுன்னுதான் பேரு. கேஸ் சிலிண்டர் கொண்டாறவன்கூட அப்பிடித்தான் கேட்டுக்கினு வர்றான். பொண்ணு கல்யாணத்துல மண்டபத்துல வச்சே சொன்னாங்க, எண்ணெ போடாதவன் பொண்ணுன்னு. மாப்ள வூட்டுக்காரங்க இன்னா கத அதுன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்? ஞாயித்துக்கெழம கூட்டம் போடறாங்க. நீங்க பக்கத்துலயே இருந்தவுரு. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, துப்பாக்கிதான் கோளாறுன்னு. போதும்.”

“வர்றேன்மா” என்றார்.

அந்த அம்மா போன பிறகு வண்டியில் ஏறினோம். திண்டிவனத்தில் செல்வமும் பணத்துக்குப் பொறுப்பாக வரும் ஆபீசரும் டீ குடிக்கப் போனார்கள். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, நான் எதுவும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

“ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊரு. அதனால ஒண்ணாவே சுத்துவோம். மேல குளிருல கை வெளங்காது. அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். ஒரு நாளு ஒருத்தன் பனிய உருக்கி தண்ணி காச்சணும், இன்னொருத்தன் ரெண்டு ரைபிளயும் தொடச்சி எண்ணெ போடணும். மறுநாளு மாத்திக்குவோம். அன்னிக்கி ரைபிள் என் மொற.”

அவர் கை சட்டைப் பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்தது.

“அங்க சாதா எண்ணெ போட்டா மெழுகாட்டம் கட்டிக்கும். அதுக்குன்னு ஒரு எண்ணெ, தண்ணி மாதிரி, ரெண்டு சொட்டு போட்டா போதும். என்னுத தொடச்சிப் போட்டேன். அவனுத தொடச்சேன். வெரலு மரத்துப் போச்சி. மூடி தொறக்க வரல. விடிஞ்சதும் போட்டுக்கலாம்னு சாச்சி வச்சிட்டேன். விடிய எதிர் முகட்டுலேர்ந்து சுட ஆரமிச்சிட்டானுங்க. அவன் அவனுத எடுத்துக்கினு படுத்தான். ஒரு குண்டு போச்சி. அப்பறம் நின்னுபோச்சி. இழுத்துக்கினே இருந்தான். இழுத்துக்கினே இருக்கும்போதுதான் பட்டுச்சி.”

“போடலன்னு அவருக்குத் தெரியுமா?”

“எப்பிடித் தெரியும்? என் மொற ஆச்சே. பாக்காமத்தான் எடுத்தான்.”

சவப்பெட்டியோடு ஊருக்கு வந்ததும் இவர்தான். கூடத்தில் இறக்கி வைத்தபோது இறந்தவரின் அப்பா எப்படிப்பா ஆச்சு என்று கேட்டிருக்கிறார். இவர் வாயிலிருந்து வந்தது நாலே வார்த்தை. ரைபிள் நின்னுபோச்சு, எண்ணெ போடல.

“அவ்ளோதான் சொல்ல முடிஞ்சிது. பெரியவரு தலையில அடிச்சிக்கினாரு. சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான், மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட மறந்துடுவான்னு அழுதாரு. அப்பதான் எனக்கே புரிஞ்சிது, அவுரு இன்னான்னு எடுத்துக்கினாருன்னு.”

“அங்கயே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“வாயத் தொறந்தேன். சங்கு ஊத ஆரமிச்சிட்டாங்க. பதினாறாம் நாளு சொல்லலாம்னுதான் போனேன். அதுக்குள்ள ஊரு பேரு வச்சிட்டுது” என்றார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவனுக்கு நியாயம் எல்லாம் கிட்டத்தில்தான் தெரியும். “ரைபிள் மேல போட்டுடுங்கண்ணே. பேப்பர்லயே போட்டுட்டான். அந்தம்மாவும் அத்தத்தான் கேக்கறாங்க. நீங்களே சொன்னீங்க, அந்த ரைபிள் குளிர்ல நிக்கும்னு. எண்ணெ போட்டிருந்தாலும் நின்னிருக்கும்.”

“நின்னிருக்கும்” என்றார். “நிக்காமயும் இருந்திருக்கும். எது நெசம்னு தெரிஞ்சிக்க ஒரே வழிதான் இருந்துச்சி. போட்டிருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட வரச் சொன்னார். அந்த அம்மாவின் ஊரில் ரேஷன் கடைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பேர் இருக்கும். பெயர்ப்பலகையைத் துணியால் மூடி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கூட்டம் ஒத்துக்கொண்டால் இன்றே மாட்டிவிடுவது என்று தலைவர் முடிவோடு இருந்தார். பின்பக்கம் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா பெண்கள் வரிசையில், மகளுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

தலைவர் மைக்கைக் கொடுத்தார். “சொல்லுங்க சார். துப்பாக்கிதான கோளாறு?”

“துப்பாக்கியில கோளாறு இருந்துச்சி. மாத்தறாங்க, நல்லதுதான்” என்றார் அவர். பெண்கள் வரிசையில் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. “ஆனா அன்னிக்கி நின்னது அதனால இல்லீங்க. எண்ணெ போடல.”

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். சம்பந்தியம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அவர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். “நான்” என்றார். மைக் கிரீச்சிட்டது. “நான் போடல. அன்னிக்கி அவன் ரைபிளுக்கும் நான்தான் போடணும். என் மொற. போடாம தூங்கிட்டேன். அவன் மேல ஒண்ணுமில்ல.”

முன்வரிசையில் ஒரு வயதானவர் கைதட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொருவர் தட்டினார். பிறகு எல்லோரும். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார்.

“பாத்தீங்களா? செத்துப்போன ஃபிரண்டு பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கறாரு பாருங்க. இவுருதான்யா மனுசன்.”

“இல்லீங்க, நெசமா நான்தான்” என்றார் அவர்.

“போதும் சார். எங்களுக்குப் புரியுது.”

“நெசமாத்தாங்க சொல்றேன். நான்தான் போடல.”

அவர் சொல்லச் சொல்லக் கைதட்டல்தான் கூடியது. பழித்தவர்களே முதலில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ சால்வை போர்த்தினார்கள். பலகையின் துணியை எடுத்தார்கள். பேர் நன்றாகத்தான் எழுதியிருந்தது. மகள் அழுதுகொண்டே சம்பந்தியம்மாளின் தோளில் சாய்ந்தாள். சம்பந்தியம்மாள் அவளைத் தட்டிக்கொடுத்தாள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அந்த அம்மா மட்டும் கைதட்டவில்லை. எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்தார்கள். உணர்ச்சி இல்லாத அந்த இரண்டு விரல்களையும் பார்த்திருப்பார்கள். நம்பினார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் நம்பியது அவர்கள் ஒருவர்தான்.

“எங்க மாமனாரு சாவற வரைக்கும் புள்ளயத் திட்டிக்கினேதான் செத்தாரு” என்றார்கள். குரல் உயரவில்லை. “நீங்க அப்பவும் வந்தீங்க. எடுக்கும்போது ஒரு பக்கம் புடிச்சீங்க.”

அவர் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“பந்தியில சாப்ட்டுப் போங்க. வூட்டுக்கு வர வேணாம்.”

அண்ணே என்ற வார்த்தை அதில் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மகளிடம் போய்விட்டார்கள். தலைவர் அவரை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டார்.

“நான்னு சொன்னேன் இல்லப்பா? தெளிவாத்தான சொன்னேன்?”

“சொன்னீங்கண்ணே.”

“மைக்குல கேட்டுச்சா?”

“கேட்டுச்சி.”

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். மறுநாள் அந்த வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு கதவுக்கும் எண்ணெய் விடுவதைப் பார்க்க என்னால் முடியாது என்று பாதி தூரத்தில்தான் தெரிந்தது. கம்பெனி கொடுத்த சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு கூட்டு ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில் கரும்பு வெட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் நின்றது. மேஸ்திரி என் கட்டைவிரலைப் பார்த்து, “இத்த வச்சிக்கினு வெட்டுவியா?” என்றார். வெட்டுவேன் என்றேன். ஏறச் சொன்னார். எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்தில் இறங்கிவிட்டோம். நான் வெட்டிப் போட, பக்கத்தில் ஒரு பெண் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக் கட்டாக அடுக்கிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் நேற்றைய கூட்டத்துக் கதை வந்து சேர்ந்திருந்தது. யாரோ ஒரு மிலிட்டிரிக்காரர், தங்கமான மனுசராம், செத்துப்போன சிநேகிதனுக்காகத் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாராம்.

“நீ அந்தப் பக்கத்துலேர்ந்துதான வந்த? நெசமாவே துப்பாக்கிக்கு எண்ணெ போடலியாமா?” என்று கேட்டாள்.

“போடல” என்றேன்.

“யாரு?”

கத்தியை நிறுத்தி நிமிர்ந்தேன். யார் முறை, யார் ரைபிள், யார் தூங்கினார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்காமல் கேட்டாள். கேட்டு முடித்து, சோகையை உதறிப் போட்டுவிட்டு, “பாவி” என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரி சத்தம் போட்டார். அடுத்த வரிசைக்குப் போனோம்.